பன்னிரண்டடித் தூண்டில்

1

மகளின் பிறந்தநாளுக்கு என்ன வாங்கிக் கொடுத்தாய் என்று சாத்தூரிலிருந்து தங்கை போனில் கேட்டாள். தூண்டில் என்றேன். 

"எந்தத் தூண்டில்? மீன் பிடிக்கிற தூண்டிலா?"

"ஆமா."

"ஏக்கா, பொம்பளப் பிள்ளைக்கு ஒரு கம்மல் வாங்கிக் குடுக்கக் கூடாதா? அதுவும் அம்புட்டு நடந்த பிறகு?"

அம்புட்டு நடந்த பிறகுதான் வாங்கினேன். அதைப் போனில் சொல்ல முடியவில்லை. அவளும் நம் ஊர்க்காரர்கள் நாலு பேரும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கொச்சியில், மட்டாஞ்சேரியில் இருக்கிறேன். கல்யாணமாகி வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இதை வெளியூர் என்று சொல்ல எனக்கே கூச்சம்தான். பாஸ்போர்ட் வேண்டாம், விமானம் வேண்டாம். ராத்திரி கிளம்பினால் மறுநாள் காலை டிபனுக்குச் சாத்தூர் வீட்டில் இருக்கலாம். துபாயில் இருக்கிற என் சித்தப்பா மகன், "நீயெல்லாம் புலம்பெயர்ந்தவளா? பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனவ" என்று கேலி செய்வான். ஆனால் வீட்டுக்குள் வேறொரு பாஷையில் கனவு காண்கிற பிள்ளை வளரும்போது தெரியும், எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று.

மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. சரக்கில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். என் கணவர் முருகேசனுக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. எங்களுக்கு ஒரே மகள், மதிவதனி. பிளஸ் ஒன் படிக்கிறாள். மதி என்றால் மலையாளத்தில் 'போதும்'. அவள் எல்.கே.ஜி. படிக்கும்போது டீச்சர் வருகைப் பதிவில் அவள் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் எல்லாம் போதும் என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்களாம். ஒரு பிள்ளை போதும் என்று வைத்த பெயரா என்று இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். நாங்களும் சிரித்துவைப்போம்.

2

மழைக்காலம் முடிகிற நேரம். டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நான் வேலையில் இருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"சேச்சி, மோள் வெள்ளத்தில் வீணு. குழப்பமில்லா, பேடிக்கண்டா."

இந்த ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர், வீணு என்றால் விழுந்தாள். குழப்பமில்லை என்றால் பிரச்சினை ஒன்றுமில்லை, பேடிக்கண்டா என்றால் பயப்பட வேண்டாம். பதினெட்டு வருடமாக எனக்குத் தெரிந்த வார்த்தைகள். காய்கறிக்கடையில் நானே தினமும் சொல்கிறவை. அந்த ஒரு நிமிடம் எல்லாம் மறந்து போய்விட்டது. மகள் வெள்ளத்தில் போகிறாள் என்றுதான் காதில் விழுந்தது. எந்த வெள்ளம், மழைகூட இல்லையே என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஃபோர்ட் கொச்சியில், கப்பல்கள் உள்ளே வருகிற முகத்துவாரத்தை ஒட்டிக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள் அல்லவா, அங்கிருந்து விழுந்திருக்கிறாள். தோழியின் அண்ணனுடைய தூண்டிலைக் கடன் வாங்கிக்கொண்டு, மாதக்கணக்காக அங்கே போய் மீன் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மீன் இழுத்ததில் கால் வழுக்கியிருக்கிறது. இரண்டு பேர் இறங்கித் தூக்கியிருக்கிறார்கள். தூண்டில் போய்விட்டது. கல்லில் ஒட்டியிருந்த சிப்பிகள் இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே கிழித்திருந்தன. தையல் போட்டார்கள். வேறு ஒன்றுமில்லை. டாக்டரும் குழப்பமில்லை என்றுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரி கவுண்டரில் ஆதார் கேட்டார்கள். ஒரு கோடை விடுமுறையில் சாத்தூரில் வைத்து எடுத்த ஆதார், இன்னும் அந்த விலாசத்திலேயே இருக்கிறது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நாங்கள் மாற்றவே இல்லை. வாடகை ஒப்பந்தம் கொண்டு போனால் வீட்டுக்காரரின் வரி ரசீது கேட்பார்கள், அதைக் கொண்டு போனால் ஒப்பந்தம் காலாவதி ஆகியிருக்கும். கவுண்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டூர் வந்நதாணோ?" என்று கேட்டாள். சுற்றுலா வந்தவர்களா என்று. ஸ்டிரெச்சரில் நனைந்து நடுங்கிக்கொண்டு கிடந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"அல்ல சேச்சி. ஞான் மட்டாஞ்சேரிக்காரியாணு."

நான் எங்கள் ஊர்ப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தவள், எந்தச் சந்தேகமும் இல்லாமல் தன் ஊரைச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் முருகேசன் அந்த இரண்டு பேரைத் தேடிப்போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், இன்னொருவர் பாங்கில் வேலை செய்கிறவர். பின்னால் ஓரிருநாள் கழித்து, சாப்பிடும்போது முருகேசன் ஒரு விஷயம் சொன்னார். அங்கே மீன் பிடிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதாம். யாருக்காவது பெரிய மீன் மாட்டினால் "மீன்!" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். உடனே பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் தங்கள் தூண்டில் நரம்பைச் சுற்றி எடுத்துவிடுவார்கள். மீன் அங்குமிங்கும் ஓடும்போது சிக்கக்கூடாது அல்லவா. எடுத்துவிட்டு, வேறு வேலை இல்லாததால், மாட்டினவரையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம்.

"இவளும் குரல் குடுத்திருக்கா. எல்லாரும் இவளத்தான் பாத்துக்கிட்டு நின்னிருக்காங்க. அதான் விழுந்ததும் தெரிஞ்சிருக்கு. இல்லேன்னா அந்த இருட்டுற நேரத்துல..."

"போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கைகழுவினேன். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. பேச ஆரம்பித்தாலே என் முகம் மாறிவிடும். இரண்டு பேரும் நிறுத்திக்கொள்வார்கள்.

3

தையல் பிரித்தார்கள், தழும்பும் வெளுத்தது. பிறந்தநாள் வந்தது. என்ன வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒரு ராடு. காளாஞ்சிக்கு."

காளாஞ்சி என்பது நம் கடற்கரைப் பக்கம் கொடுவா என்கிறார்களே, அதுதான். வெள்ளி உடம்பு, அகன்ற வாய். காயலிலும் கடலிலுமாக இருக்கும். பாலத்தூண், கல், கண்டல் மரத்தின் வேர் என்று எதையாவது ஒட்டி ஒளிந்திருந்து, போகிற மீனை ஒரே மூச்சில் விழுங்கும். தூண்டிலில் மாட்டினால் மறுபடி அந்தத் தூணுக்கோ வேருக்கோதான் ஓடுமாம். இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததுதான். சாத்தூரில் நான் கொடுவாவைக் கண்டதே இல்லை. எங்கள் வைப்பாற்றில் தண்ணீரையே எப்போதாவதுதான் கண்டிருக்கிறேன்.

அன்று இரவு கணவரிடம் முடியவே முடியாது என்றேன்.

"செல்வி, வாங்கிக் குடுத்துரு" என்றார் அவர். "இல்லேன்னா எவங்கிட்டயாவது வாங்கிட்டுப் போவா. எங்க போறான்னு நமக்குத் தெரியாது. தண்ணியக் கண்டு எனக்குப் பயமில்ல. நம்மகிட்ட சொல்லாமப் போறா பாரு, அதுதான் பயம்."

எனக்கு இரண்டுமே பயம். ஆனால் அவர் சொன்னது சரி.

இடப்பள்ளியில் ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடைக்கு நானும் அவளும் போனோம். விற்பனைக்கு நின்ற பையன் எந்த மீனுக்கு என்று கேட்டான். அவள் சொன்னதும் யோசிக்காமல் ஒரு ஏழடிக் கோலை எடுத்து நீட்டினான். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பொம்மைபோல் இருந்தது. அடியில் விரல் பருமன், நுனி ஈர்க்குச்சி. சுவரில் சாய்த்திருந்தவற்றிலேயே நீளமானதைக் காட்டி, அது எத்தனை அடி என்று கேட்டேன். பன்னிரண்டு என்றான்.

என் கணக்கு எளிமையானது. கோல் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் பிள்ளை தண்ணீரை விட்டுத் தள்ளி நிற்கலாம்.

"அம்மா, எனக்கு ஏழடி போதும்."

"எதுக்கு ஏழடி? இதுல அஞ்சடி கூட இருக்கே."

"அது பீச்சுல மணல்ல நின்னு தூரமா வீசுறதுக்கு."

"நல்லதாப் போச்சு. நீயும் தூரமாவே நின்னு வீசு."

"சேச்சி, அதினு குறச்சு பாரம் உண்டு" என்றான் கடைப் பையன். கொஞ்சம் கனமாம்.

"இருக்கட்டும். வளர்ற பிள்ளைதானே."

ஒவ்வொரு ஜூன் மாதமும் அவளுக்கு யூனிஃபார்ம் தைக்கும்போது நான் சொல்கிற வார்த்தை. தோள் இறங்கித் தொங்கும், பாவாடை கணுக்காலுக்கு வரும், வருடக் கடைசியில் சரியாகிவிடும். நம் வீடுகளில் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம். தூண்டிலையும் அதே மாதிரி வாங்கினேன்.

மதி என்னை ஒரு முறை பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். பிறகு அந்தப் பையனிடம் திரும்பி, "சாரமில்லா சேட்டா. அம்மைக்கு இஷ்டமுள்ளது எடுத்தோட்டே" என்றாள். பரவாயில்லை, அம்மா இஷ்டப்பட்டதை எடுக்கட்டும் என்று. எனக்குப் புரியாது என்று நினைத்துச் சொல்லவில்லை. புரியும் என்று தெரிந்தேதான் மலையாளத்தில் சொன்னாள். கோபத்தை எந்தப் பாஷையில் வைக்கவேண்டும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை இடக்கொச்சிக்குப் போனோம். ஃபோர்ட் கொச்சிக் கல் வேண்டாம், காயல் பக்கம் அலையில்லாத இடம் என்றால் சரி என்று நான் போட்ட நிபந்தனை. கான்கிரீட் கரை. வரிசையாக ஏழெட்டுப் பேர் நின்றார்கள். லுங்கி கட்டினவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீசுகிறவர், காதில் பாட்டு மாட்டிய காலேஜ் பையன். பெண் என்று நாங்கள் இருவர்தான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லுங்கிக்காரர் மட்டும் எங்கள் கோலின் நீளத்தைப் பார்த்துவிட்டு, "மோளே, இது லட்சத்தீவு வரெ எத்துமல்லோ" என்றார். லட்சத்தீவு வரைக்கும் எட்டுமாம். மதி சிரிக்கவில்லை.

கரை விளிம்பிலிருந்து நாலடி தள்ளி நிற்கச்சொன்னேன். நின்றாள். அந்தக் கோலைத் தூக்கி வீசுவதற்கே அவள் உடம்பு முழுவதும் திரும்ப வேண்டியிருந்தது. கொக்கியோடு இருந்த பிளாஸ்டிக் மீன் எங்கோ போய் விழுந்தது. சுற்றி இழுக்கும்போது நரம்பு கரை விளிம்பில் உரசியது. பத்துப் பன்னிரண்டு தடவை வீசியதும் கை ஓய்ந்துபோய் என்னிடம் நீட்டினாள்.

"நீங்க கொஞ்சம் பிடிங்க. சும்மா சுத்துனாப் போதும்."

வாங்கிச் சுற்றினேன். கைக்கு அது ஒட்டடைக் கம்பு மாதிரி இருந்தது. கரையோரமாகத் தூரத்தில் கண்டல் செடிகள், அதற்குமேல் காலை வெயில். சுகமாகத்தான் இருக்கிறது என்று நினைத்த நேரம் கோல் முன்னால் போனது.

அப்படித்தான் சொல்ல வேண்டும். மீன் இழுத்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோல் தானாகக் கிளம்பிப் போவதுபோல் இருந்தது. விடாமல் பிடித்தேன். கோலோடு சேர்ந்து நானும் ஓரடி போனேன். இன்னும் ஓரடி. செருப்பு வழுக்கியது.

"அம்மா! மீன்!" என்று மதி கத்தினாள்.

அந்தக் குரலுக்கு நடந்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். லுங்கிக்காரர் சுற்ற ஆரம்பித்தார். ஹெல்மெட்காரர் சுற்றினார். காலேஜ் பையன் காதிலிருந்ததைப் பிடுங்கிவிட்டுச் சுற்றினான். கரை நெடுக நரம்புகள் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தன. பிறகு எல்லாரும் கோலை ஓரமாகப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி நின்றார்கள்.

"சேச்சி, காலு! காலு நோக்கு!" காலைப் பார்க்கச் சொல்லி வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

மதி பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "டிராக்க லூசாக்குங்க! அந்தத் திருகு! ஏன் இவ்வளவு டைட்டா இருக்கு?"

நான்தான் இறுக்கி வைத்திருந்தேன். ரீலில் இருக்கிற அந்தத் திருகைத் தளர்த்தி வைத்தால், மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று கொடுக்கும். அது எனக்குத் தெரியாது. முந்தின நாள் வீட்டில், எதுவும் கழன்றுவிடக் கூடாதே என்று, ஊருக்குக் கிளம்பும்போது காஸ் சிலிண்டரை மூடுவதுபோல் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு மூடியிருந்தேன்.

விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது நரம்பு கான்கிரீட்டில் அறுந்தது. நானும் மதியும் பின்னால் உட்கார்ந்தோம், ஒருவர்மேல் ஒருவராக. யாரோ "போயி, போயி" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். மதியும் சிரித்துக்கொண்டே என் முகத்தைத் திருப்பிப் பார்த்தவள், சிரிப்பை நிறுத்தினாள்.

"இதுதாம்மா அன்னைக்கு" என்றாள்.

"என்னது?"

"அன்னைக்கு நடந்தது. ஃப்ரெண்டோட சேட்டன் குடுத்த ராடும் இதே மாதிரி நீளம். எனக்குப் பிடிக்கத் தெரியும், கல்லும் தெரியும். ஆனா மீன் அந்த முனையில இருந்து இழுக்கும்போது எனக்குப் பலமே இல்லை. ராடு நீளம் கூடக்கூட மீனுக்குத்தான் பலம் கூடும். அதான் ஏழடி கேட்டேன்."

"கடையில சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? அன்னைக்கின்னு தொடங்கினாலே நீங்க..." அவள் என் முகத்தைப்போலத் தன் முகத்தை வைத்துக் காட்டினாள். அது நன்றாகவே இருந்தது.

சிறிது நேரம் கழித்து மெல்லக் கேட்டாள்: "நீங்க எம்.எஸ்ஸி.தானே? நெம்புகோல் எல்லாம் படிக்கலையா?"

"கெமிஸ்ட்ரிடி" என்றேன்.

5

பெரிய கடையில் திருப்பி எடுக்கவில்லை. கோலில் கீறல் விழுந்துவிட்டது, நியாயம்தான். அடுத்த வாரம் தோப்பும்படியில் அவளுக்குத் தெரிந்த ஒரு சின்னக் கடைக்குப் போனோம். இந்த முறை அவள் தேர்ந்தெடுத்தாள், நான் கேள்வி கேட்டேன். ஏன் அடி தடிமனாக இருக்கிறது? தூணுக்கு ஓடுகிற மீனைத் திருப்ப. ஏன் நுனி மட்டும் வளைகிறது? கடித்ததும் கைக்குத் தெரிய. ஏன் ஏழு, ஏன் ஆறு இல்லை? அதற்கு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மா, இங்க வாங்க. நீங்கதான் மீன்."

கடைக்காரரிடம் ரீல் ஒன்றை வாங்கி மாட்டி, நரம்பை வளையங்கள் வழியாகக் கோத்து, முனையை என் உள்ளங்கையில் ஒரு துணி வைத்துச் சுற்றிக் கொடுத்தாள். இங்கே எல்லாரும் கோலைச் சோதிப்பது இப்படித்தானாம். அவள் கல்லாப் பக்கம் நின்றாள். நான் வாசல்படியில் நின்றேன்.

"இழுங்க."

இழுத்தேன்.

"அது மீன் இல்லை, அம்மா. நிஜமா இழுங்க."

திரும்பி நின்று, தெருவைப் பார்த்து, உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு இழுத்தேன். என் பின்னால் ரீல் கிர்ரென்று சத்தம் போட்டது. நரம்பு விட்டுக்கொடுத்தது, நின்றது, மறுபடி விட்டுக்கொடுத்தது. சாயா டம்ளரோடு எதிர்க்கடையில் நின்ற ஆள், "எந்தா சேச்சி, எங்கோட்டா?" என்று கேட்டார். எங்கே கிளம்பிவிட்டேன் என்று. பதில் சொல்ல மூச்சில்லை. ஆனாலும் இழுத்தேன். ஆஸ்பத்திரிக் கவுண்டர், அந்தப் போன், ஜன்னல் வழியே பார்த்த காய்ந்த வானம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தேன்.

பிறகு திரும்பிப் பார்த்தேன். கோல் வில்லாக வளைந்திருந்தது. அவள் முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, லேசாகப் பின்னால் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கால்களைப் பார்த்தேன். வைத்த இடத்தில் இருந்தன.

"இதுதான்" என்று கடைக்காரரிடம் நான்தான் சொன்னேன்.

6

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் போகிறோம். முருகேசனுக்கு அன்று காலை இட்லிப் பொறுப்பு. போகாத நாட்களில் எங்கே போகிறாள் என்று மதி சொல்லிவிட்டுப் போகிறாள். பாலத்தடி என்கிறாள், இடக்கொச்சி என்கிறாள், சில நாள் டியூஷன் என்கிறாள். அது டியூஷனாகவே இருக்கிறது. ஃபோர்ட் கொச்சிக் கல்லை அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. கேட்பாள். அப்போது பார்த்துக்கொள்வோம். பெரிய காளாஞ்சி இன்னும் மாட்டவில்லை. கையளவு இரண்டு மாட்டின, திரும்ப விட்டுவிட்டாள்.

பன்னிரண்டடி எனக்கு. திருகைத் தளர்த்தித்தான் வைத்திருக்கிறேன். வீசத் தெரியாது, விழுகிற இடத்தில் விழட்டும் என்று வீசுகிறேன். லுங்கிக்காரர் இன்னும் லட்சத்தீவைப் பற்றி விசாரிக்கிறார். உண்மையைச் சொன்னால், நான் அங்கே மீன் பிடிப்பதில்லை. கோலைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் காலை எங்கே வைக்கிறாள், விளிம்பு எவ்வளவு தூரம், இதுதான் என் வேலை. அவளுக்கும் அது தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை, வரிசையின் கடைசியில் நின்ற காலேஜ் பையன் "மீன்!" என்று குரல் கொடுத்தான். பெரிய மீன். தண்ணீருக்குமேல் ஒருமுறை வெள்ளியாகத் துள்ளி விழுந்தது. எல்லாரும் சுற்றினார்கள். நானும் என் நரம்பைச் சுற்றி எடுத்தேன். எடுத்து, கோலை ஓரமாகச் சாய்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினேன். பாசி பிடித்த இடத்தில் நின்றிருந்தான். ரப்பர் செருப்பு. மீன் கண்டல் பக்கம் ஓட, அவன் பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்தான், பிறகு இன்னொன்று.

"காலு! மோனே, காலு நோக்கு!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

அவன் குனிந்து பார்த்துக் காலை நகர்த்தி ஊன்றிக்கொண்டான். மீனைக் கரையேற்றும்வரை அந்த ரப்பர் செருப்புகளிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபிறகுதான் நினைவு வந்தது, இவ்வளவு நேரம் மதியைப் பார்க்கவே இல்லை என்று. திரும்பினேன். அவளும் நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.